ஊமைக் கட்டை

டீவியில் கஜீபன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்த மேடையில எனக்குக் கம்பி ஒண்ணு அறுந்துச்சு" என்று சொன்னபோது, மாத்தளையில் மேர்வினின் கையிலிருந்த கராம்புச் சுளகு தரையில் விழுந்தது.

ஜவாஹிர் நானாவின் வாசனைத் திரவியக் கடை அது. மிளகு, கராம்பு, சாதிக்காய் மூட்டைகளுக்கு மேலே, கூரைக்குப் பக்கத்தில் டீவி இருக்கும். மேர்வின் பகலில் அந்தக் கடையின் தராசுக்குப் பொறுப்பு. இரவில் ஒரு பாண்டோடு கல்யாண வீடுகளில் கிட்டார் வாசிப்பான். அவனைக் கேட்டால் வரிசையை மாற்றித்தான் சொல்வான்: முதலில் கலைஞன், பிறகுதான் தராசு.

"கம்பி அறுந்ததால ஒரு நோட்டை விட்டுட்டு வாசிச்சேன்" என்றான் கஜீபன். "சனம் அந்த நோட்டைத் தானாவே பாடிச்சு. அன்னைக்குத்தான் என்னோட 'கேப்' ஸ்டைல் பொறந்துச்சு."

நிகழ்ச்சி நடத்தும் றிப்னா என்ற பெண் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "இலங்கைத் தமிழ் இசையில இப்படி ஒரு புதுமை வந்ததே இல்லைன்னு சொல்றாங்க" என்றாள். கஜீபன் அடக்கமாகத் தலையைக் குனிந்தான். குனிகிற விதத்தையும் கொழும்பில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

"பொய்யி" என்றான் மேர்வின். "நானா, அவன் அண்டப் புளுகு புளுகுறான். அது என்னோடது."

"முதல்ல கராம்ப அள்ளுங்க" என்றார் ஜவாஹிர் நானா. "களவு போனத பொறகு தேடலாம்."

களவு போனது என்னவென்று சொல்லிவிட வேண்டும். ஒரு பாட்டு ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் உட்காருமல்லவா, காது அந்த இடத்துக்காகக் காத்திருக்குமல்லவா, மேர்வின் அந்தச் சுரத்தை மட்டும் வாசிக்க மாட்டான். அதற்குக் கீழே உள்ளதை லேசாகத் தொடுவான், மேலே உள்ளதைத் தொடுவான், நடுவில் ஒரு சின்னத் தயக்கத்தோடு இடத்தைக் காலியாக விட்டுவிடுவான். கேட்கிறவன் தொண்டையே அந்தச் சுரத்தைப் பாடிவிடும். பல்லேபொலவிலும் யட்டவத்தையிலும் கல்யாண வீடுகளில் பைலாப் பாட்டு போகும்போது, அந்தக் காலி இடம் வந்தால் மண்டபமே கத்தும். மாப்பிள்ளை வீட்டு மாமன்மார் கதிரையில் ஏறி நின்று கத்துவார்கள். மேர்வின் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பான். அந்த ஒரு நொடிக்காகத்தான் அவன் ஒரு கிழமை பூராவும் மிளகு நிறுத்தான் என்றாலும் தப்பில்லை.

அந்த பாண்டில் இரண்டு வருடம் பக்கத்தில் நின்று பேஸ் வாசித்தவன்தான் கஜீபன். மேர்வினின் விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றவன். பிறகு கொழும்புக்குப் போனான். இப்போது கம்பி அறுந்த கதை சொல்கிறான்.

அதிலும் மேர்வினுக்கு ஆறாத இடம் ஒன்று இருந்தது. கம்பி அறுந்தது என்பது பச்சைப் பொய், சரி. ஆனால் உண்மையான கதை அதைவிட நல்ல கதை, அதை யாருமே கேட்கவில்லை. உண்மையான கதை ஓர் ஆர்மோனியத்தில் இருந்தது.

மேர்வின் குடும்பம் பூசைக்குப் போகிற தோட்டத்து அந்தோனியார் கோயிலில் பழைய ஆர்மோனியப் பெட்டி ஒன்று உண்டு. எப்போதோ ஒரு மழைக்காலத்தில் அதன் உள்ளே ஒரு பித்தளை நாக்கு முறிந்துபோனது. அன்றிலிருந்து ஒரு கட்டை பேசாது. அழுத்தினால் 'டக்' என்று மரச்சத்தம் மட்டும் வரும். சனம் அதற்கு ஊமைக் கட்டை என்று பெயர் வைத்தது. அந்தோனியார் பாட்டு ஏறிப்போய் உட்கார வேண்டிய சுரம் அதுதான். சுருதியை மாற்றிப் பாடலாமே என்பீர்கள். ஏற்றினால் பெண்களுக்குத் தொண்டை கிழியும், இறக்கினால் ஆண்கள் முனகுவார்கள், எப்படி மாற்றினாலும் வேறொரு பாட்டு வந்து அந்தக் கட்டையில் முட்டிக்கொள்ளும்.

கட்டையைத் திருத்த முடியாதா என்றால், முடியும். கண்டியில் ஆள் இருந்தார். கோயில் கமிட்டி ஒவ்வொரு திருவிழாவுக்கும் முன்னால் அதைப் பற்றிப் பேசும். பிறகு லவுட்ஸ்பீக்கர், லைட், பட்டாசு, அந்தோனியார் சுருவத்துக்குப் புதுப் பெயிண்ட் என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். கமிட்டிச் செயலாளர் மேர்வின்தான். "டொறீன் சமாளிச்சுக்குவா ஃபாதர்" என்று அவன் சொல்வான். கூட்டம் முடிந்துவிடும்.

டொறீன் அவன் மனைவி. அந்த ஆர்மோனியம் வாசிக்கிறவள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை அவள் பாண்டோடு பல்லேபொலவில் கீபோர்ட் வாசித்தாள். சனம் அவளை விடவில்லை, இன்னொன்று இன்னொன்று என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு அவள் மேடை ஏறவில்லை. அவளுக்கு விருப்பமில்லை என்று மேர்வின் எல்லோரிடமும் சொல்வான். அவளிடம் யாரும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் சப்பாத்தைக் கழற்றும்போதே தொடங்கினான்.

"அவன் என்னோட உயிர எடுத்துட்டான் டொறீன். நான் அந்த ஊமைக் கட்டையில இருந்து உண்டாக்கினத அவன் எடுத்து டீவியில விக்கிறான்."

டொறீன் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். "பார்த்தேன்" என்றாள்.

"பார்த்துமா பேசாம இருக்கிற?"

"நான் என்னா பேசுறது. அந்தக் கட்டைய அப்பவே திருத்தியிருந்தா இந்த வில்லங்கமே வந்திருக்காது."

மேர்வினுக்குச் சுள்ளென்று வந்தது. "திருத்தியிருந்தா இந்த மியூசிக்கே வந்திருக்காது. உனக்கு இது விளங்காது" என்றான். அவள் அடுத்த கொட்டையை எடுத்தாள்.

அவன் கஜீபனுக்கு ஃபோன் எடுத்தான். முதலில் யாரோ எடுத்தார்கள், பிறகு வேறு யாரோ, கடைசியில் அவனே வந்தான். குரலில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"அங்கிள், உங்கள நான் மறப்பேனா? உங்க பக்கத்துல நின்னவன்தானே."

"அப்போ கம்பி அறுந்த கதை என்னாடா?"

"அது டீவிக்கு அங்கிள். ஒரு கதை கேக்குறாங்க, குடுக்கத்தானே வேணும்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "கோவப்படாதீங்க. ஒண்ணு சொல்றேன். நீங்க கல்யாண வீட்டுல சும்மா வாசிச்சீங்க. அத எடுத்துச் சங்கீதமா ஆக்கினது நான்தான். நான் எடுக்கல்லன்னா அது பல்லேபொலயோட செத்திருக்கும்."

சும்மா. அந்த ஒரு வார்த்தை மேர்வினை ஊசி போல் குத்தியது. இவ்வளவு கால வாசிப்பும் சும்மாவா? மறுநாள் தராசின் முன்னால் நின்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். மிளகு வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். "எடுக்கிறவன் எல்லாம் உண்டாக்கினவனா? சொல்லுங்க நானா. உங்க மரத்துல காய்ச்ச சாதிக்காய நான் பறிச்சிட்டு, நான்தான் வாசனைய கண்டுபிடிச்சேன்னு சொன்னா நீங்க உடுவீங்களா?"

ஜவாஹிர் நானா மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "உடமாட்டன். ஆனா மரம் ஆருட காணில ஈக்கிதுன்னு முதல்ல பாப்பன்."

"என்னோட காணிதான். அந்தோனியார் கோயில்ல போய் அந்தக் கட்டைய அமுக்கிக் காட்டுவேன். அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

சொன்னதோடு நிற்கவில்லை. கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, ஃபோன் வீடியோவில் பேசிப் பதிந்து, றிப்னாவின் நிகழ்ச்சிக்கு அனுப்பினான். இது பிறந்த இடம் கொழும்பு மேடை இல்லை, மாத்தளையில் ஒரு கோயில், வந்து பாருங்கள் என்றான். ஒரு பதிலும் வராது என்றுதான் டொறீன் நினைத்தாள். வந்தது. றிப்னாவே பேசினாள். கஜீபனையும் கூட்டிக்கொண்டு வருகிறோம், வேரைத் தேடி ஒரு நிகழ்ச்சி செய்யலாம் என்றாள். கஜீபன் எப்படிச் சம்மதித்தான் என்று மேர்வின் யோசித்துப் பார்க்கவில்லை. யோசித்திருக்கலாம். தன் பெயர் எவ்வளவுக்கு அடிபடுகிறதோ அவ்வளவுக்கு நல்லது என்று தெரிந்தவனுக்கு, சண்டையும் ஒரு விளம்பரம்தான்.

அவர்கள் வந்த அன்று மேர்வின் கல்யாண வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டான். கோயிலைக் கூட்டி, ஆர்மோனியத்தைத் துடைத்து, அதன் மேல் போட்டிருந்த பழைய துணியை எடுத்து ஒளித்துவைத்தான். டொறீன் ஃபிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணியோடு வந்து பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தாள். கஜீபன் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து, முதலில் அவளைத்தான் "ஆன்ட்டி, சுகமா?" என்று கேட்டான்.

கமெராவுக்கு முன்னால் மேர்வின் நன்றாகத்தான் பேசினான். கட்டையை அழுத்திக் காட்டினான். டக். இன்னொரு தடவை அழுத்தினான். டக்.

"இதுதான்மா. இந்தக் கட்டை பேசாததால, அந்த எடத்துல என் கிட்டாரு மட்டும் தனியா ஆணி மாதிரி துருத்திக்கிட்டுத் தெரிஞ்சுச்சு. அதனால நானும் அந்த நோட்ட விட்டேன். விட்டப்போதான் அதுல ஒரு சங்கீதம் இருக்குன்னு கண்டேன். பொறகு மேடைக்குக் கொண்டு போனேன். இவரு என் பக்கத்துல நின்னு பார்த்தவரு."

கஜீபன் தலையை ஆட்டினான். மறுக்கவில்லை. மேர்வினின் நெஞ்சு நிறைந்தது.

"அப்போ இந்தப் பெட்டிய யாரு வாசிப்பாங்க?" என்று கேட்டாள் றிப்னா. படம் பிடிக்க ஏதாவது வேண்டுமே என்றுதான் கேட்டாள், வேறொரு நினைப்பும் அவளுக்கு இல்லை.

"என்னோட வைஃப்."

"ஆன்ட்டி, கொஞ்சம் வாசிச்சுக் காட்டுறீங்களா? உங்க ரெண்டு பேரையும் சேர்த்து எடுக்கலாம். முதல்ல நீங்க தனியா."

டொறீன் வரமாட்டேன் என்றுதான் சொல்வாள் என்று மேர்வின் எதிர்பார்த்தான். அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இடக்கையால் துருத்தியைத் தள்ளினாள். அந்தோனியார் பாட்டைத் தொடங்கினாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, அதுதான் நடந்தது.

முப்பது வருடமாக மேர்வின் அந்தப் பாட்டில் அவளோடு சேர்ந்து வாசித்திருக்கிறான். சேர்ந்து வாசிக்கிறவன் தன்னுடையதைத்தான் கேட்பான். அவள் தனியாக வாசித்து அவன் சும்மா நின்று கேட்டது இதுதான் முதல் தடவை. பாட்டு ஏறிக்கொண்டு போனது. ஊமைக் கட்டை வந்தது. அவள் அதற்குக் கீழே உள்ளதைத் தொட்டாள், மேலே உள்ளதைத் தொட்டாள், துருத்தியைக் கொஞ்சம் தளர்த்தினாள். நடுவில் வெறும் இடம். றிப்னாவின் உதடு தானாக அசைந்து அந்தச் சுரத்தை முனகியது. கமெராக்காரனும் முனகினான்.

எல்லாம் அங்கேயே இருந்தது. யட்டவத்தைக் கல்யாண வீட்டில் தானாக வந்தது என்று மேர்வின் சொல்லிக்கொண்டு திரிந்த அந்தச் சின்னத் தயக்கம் கூட அவளுடைய துருத்தி மூச்சு. அவன் விரல் அவள் மூச்சைக் கேட்டுக் கற்றுக்கொண்டிருந்தது. அவனுக்கே சொல்லாமல்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மூன்றாவது அடியில் டொறீன் வேறொன்று செய்தாள். இடத்தைக் காலியாக விட்டாள், திரும்ப வந்தபோது எதிர்ப்பக்கத்திலிருந்து சுற்றினாள், நான்காவது தடவை பக்கத்துக் கட்டைகளையும் தொடாமல் இரண்டு சுரம் தள்ளி நின்றே அந்த இடத்தைக் காட்டினாள். காட்டிய இடத்தில் அந்தச் சுரம் கேட்டது. எங்கேயும் இல்லாதது காதில் கேட்டது. மேர்வின் வாசித்ததும் இல்லை, கஜீபன் வாசித்ததும் இல்லை அது. மேர்வின் முதல் வருடம் எடுத்துக்கொண்டதோடு நின்றுவிட்டான். அவள் ஞாயிற்றுக்கு ஞாயிறு போய்க்கொண்டே இருந்திருக்கிறாள், தன்னந்தனியாக, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு.

பாட்டு முடிந்தது. மேர்வின் கஜீபனைப் பார்த்தான். கஜீபன் ஏற்கெனவே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாம்பின் கால் பாம்பறியும். அவனுக்கு விளங்கிவிட்டது என்பது மேர்வினுக்கு விளங்கியது.

"ஆன்ட்டி, இத எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள் றிப்னா.

"கத்துக்கல்லம்மா. கட்ட வேலை செய்யல்ல. சனத்துக்கு முன்னால 'டக்'குன்னு கேட்டா எனக்கு வெக்கமா இருக்கும். அத மறைக்கத்தான் சுத்திச் சுத்திப் போனேன். பொறகு, ஒரே மாதிரி சுத்துனா எனக்கே சலிச்சுப்போகும். வேற வேற மாதிரி பார்ப்பேன்" என்றாள். "யாரும் கேக்கமாட்டாங்கன்னு தெரியும். அதனால பயமில்லாம செஞ்சு பார்த்தேன்."

றிப்னா அவளையும் மேர்வினையும் மாறி மாறிப் பார்த்தாள். கமெரா ஓடிக்கொண்டிருந்தது. "அப்போ... இத கண்டுபிடிச்சது யாருன்னு நாங்க போடுறது?"

கஜீபன் முந்திக்கொண்டான். பெருந்தன்மை மலிவாகக் கிடைக்கிற நேரம் அவனுக்குத் தெரியும். "மேர்வின் அங்கிள்தான். நான் அவருகிட்ட எடுத்தேன். இன்னைக்கு எல்லாருக்கும் முன்னால ஒத்துக்கிறேன். அவரு பேரையே போடுங்க."

இவ்வளவு நாளாகக் கேட்டது இதுதான். மேர்வின் இதற்காகத்தான் தூங்காமல் கிடந்தான், தராசில் பிழை விட்டான், கண்டவர்களிடமெல்லாம் சண்டைக்குப் போனான். கேட்டது தட்டில் வைத்து நீட்டப்பட்டிருந்தது. டொறீன் அவனைப் பார்த்தாள். வழக்கமாகக் குனிந்துகொள்கிறவள் அன்று குனியவில்லை. கோபமாகவும் பார்க்கவில்லை. அவன் என்ன சொல்லப்போகிறான் என்று அறிய விரும்புகிற பார்வை, அவ்வளவுதான்.

'இவளுடையது' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது வாய்வரை வந்தது என்று மேர்வின் பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வந்திருக்கலாம். வெளியே வந்தது வேறு.

"டொறீன் கோயில்ல சும்மா சமாளிக்கத்தான் வாசிச்சா. அத எடுத்துச் சங்கீதமா ஆக்கினது நான்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியத்தை எங்கே கேட்டோம் என்பது அவனுக்கு நினைவு வந்தது. கஜீபன் சிரித்தான். நக்கல் சிரிப்பு இல்லை அது. பங்காளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

றிப்னாவுக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். "ஆன்ட்டியும் ஸ்டூடியோவுக்கு வந்து வாசிக்கலாமே" என்றாள்.

"அவ மேடைக்கெல்லாம் வரமாட்டா" என்றான் மேர்வின். பழகிப்போன பதில். யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

டொறீன் ஆர்மோனியத்தின் மூடியை மெதுவாக மூடினாள். "தேத்தண்ணி ஆறுது" என்று சொல்லிவிட்டு எழுந்து ஃபிளாஸ்கை எடுக்கப் போனாள். எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். மேர்வினுக்கும் கொடுத்தாள், சீனி அவனுக்குப் பிடித்த அளவுக்கே இருந்தது.

டீவியில் நிகழ்ச்சி போன பிறகு மாத்தளை அவனைக் கொண்டாடியது. பஸ் ஸ்டாண்டில் தெரியாதவர்கள் கை கொடுத்தார்கள். கிட்டார் பழக ஆள்கள் வீட்டுக்கு வந்தார்கள். முகத்தில் தாடி பூத்த ஓர் இளைஞன், உண்மையான புதுமை என்றால் என்ன சேர் என்று கேட்டான். மேர்வின் ஒரு நல்ல பதில் சொன்னான். குறையிலிருந்துதான் புதுமை பிறக்கும் தம்பி, கேட்கிற காது வேண்டும் என்றான். வந்தவன் அதைத் தன் ஃபோனில் பதிந்துகொண்டான். குசினியில் டொறீன் தேங்காய் துருவுகிற சத்தம் அந்தப் பதிவில் இருக்கும்.

நிகழ்ச்சியில் டொறீன் வந்தாள். அவளுடைய கைகள் மட்டும் வந்தன, கொஞ்ச நேரம். அதன் மேல் மேர்வினின் குரல் பேசிக்கொண்டிருந்தது.

கடையில் ஜவாஹிர் நானா மஸ்கட் இனிப்பு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். மேர்வினுக்கு இரண்டு துண்டு. "சந்தோஷம்" என்றார். பிறகு தராசைத் துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எங்கட வீட்டுக்காரி மஸீனாவும் பாத்த. அவ ஒண்டு கேட்டா. அந்தப் பெட்டி வாசிச்ச கை ஆருடன்னு கேட்டா. நான் பதில் செல்லல்ல. எனக்கு என்னத்த செல்ல ஏலும்."

மேர்வினின் வாயில் மஸ்கட் கிடந்தது. அதை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு அடுத்த மூட்டையை அவிழ்த்தான்.

திருவிழா நெருங்கியபோது டொறீன் ஒரே ஒரு தடவை அந்தப் பேச்சை எடுத்தாள். "இப்பவாவது அந்தக் கட்டைய திருத்துங்க. கண்டி ஆள் வரேன்னு சொல்றாராம். எனக்கு ஒரு தடவ அந்தப் பாட்ட முழுசா வாசிச்சுப் பார்க்கணும்."

"உனக்குப் பைத்தியமா?" என்றான் மேர்வின். "அது இப்ப சும்மா கட்ட இல்ல. வரலாறு. கமிட்டியில பேசி முடிச்சாச்சு. பக்கத்துல ஒரு பலகை போடுறோம். இனி யாரும் அதுல கை வைக்க ஏலாது."

அவள் அவனைப் பார்த்தாள். "சரி" என்றாள். அவள் சரி என்று சொல்லிக் கேட்டுப் பழகியவன் என்பதால் அவன் அதைக் கவனிக்கவில்லை.

திருவிழாப் பூசைக்குக் கோயில் கொள்ளவில்லை. டவுனிலிருந்து, யட்டவத்தையிலிருந்து, கண்டியிலிருந்து கூட ஆள்கள் வந்திருந்தார்கள். பாதிப்பேர் அந்தோனியாருக்காக வந்தவர்கள், பாதிப்பேர் ஊமைக் கட்டைக்காக. பலகை பளபளவென்று இருந்தது, மேர்வினின் பெயரோடு. அவன் கிட்டாரோடு ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் நின்றான். முன்வரிசையில் நின்றவர்கள் ஃபோனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். டொறீன் துருத்தியைத் திறந்தாள்.

அந்தோனியார் பாட்டு தொடங்கியது. சனம் பாடியது. பாட்டு ஏறியது, இன்னும் ஏறியது, எல்லோரும் அந்த இடத்துக்காகக் காத்திருந்தார்கள்.

டொறீன் கீழே உள்ளதைத் தொடவில்லை. மேலே உள்ளதைத் தொடவில்லை. விரலை நேராக வைத்து ஊமைக் கட்டையை அழுத்தினாள்.

டக்.

அவ்வளவுதான். அவள் விரலை எடுக்கவும் இல்லை.

மேர்வினின் கிட்டாரில் எல்லாச் சுரமும் இருந்தது. அந்தச் சுரத்தை நேராக வாசிக்கலாம், பழகத் தொடங்கிய சின்னப்பிள்ளையும் வாசிக்கும். சுற்றிப் போகலாம், அதற்குத்தானே பலகை. அவன் விரல்கள் கம்பிக்கு மேலே நின்றன. அவை எதற்காகவோ காத்து நின்றன. எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருடமும் அவள் துருத்தி மூச்சு முந்திப் போகும், அவன் விரல் பின்னால் போகும். மேடையில் அவள் இல்லாதபோதும் அந்த மூச்சைத்தான் உள்ளே கேட்டுக்கொண்டு வாசித்திருக்கிறான். இன்று அவள் போகவில்லை. அவன் உள்ளே எதுவும் கேட்கவில்லை.

ஆர்மோனியத்தைக் கேட்டே பாடிப் பழகிய சனத்தின் குரலும் அந்தரத்தில் நின்றது. பிறகு அது வரிசை வரிசையாக அடங்கியது. முன்னால் நின்றவர்கள் டொறீனைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தார்கள், பிறகு மேர்வினைப் பார்த்தார்கள். ஃபோன்கள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின.

"டொறீன்" என்றான் அவன், உதட்டுக்குள்.

"வாசிங்க" என்றாள் அவள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "உங்களோடதுதானே."

அவள் விரல் கட்டையின் மேலேயே இருந்தது. இடக்கை துருத்தியைத் தள்ளிக்கொண்டிருந்தது. நிறைந்த கோயிலில் அந்தக் காற்றுச் சத்தம் மட்டும் போய்ப் போய் வந்தது.